முன் பிரேக்கைக் கழற்றி வைத்த மகனுக்கு

சேகரு, நைனா பேசுகிறேன். எழுதுகிற கை எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சருடையது, சொல்கிற வாய் மட்டும்தான் என்னுடையது. நான் எழுத்து அறியாதவன் என்பது உனக்குத் தெரியாததல்ல. ரேங்க் அட்டையில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால், என் கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்து, அப்புறம் உன் சட்டை நுனியிலேயே துடைத்து விட்டவன் நீ. சொல்கிறது சொல்கிறபடியே எழுது தாயி என்று டீச்சரிடம் கேட்டேன். அப்படி எழுதினால் படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றும், கொஞ்சம் நேராக்கித்தான் எழுதுவேன் என்றது. நேராக்கிக்கொள், ரஞ்சிதம் பேசினதை மட்டும் நேராக்காதே என்றேன். ஆகவே இதில் உன் அம்மா பேசுகிற இடமெல்லாம் அவள் வாயிலிருந்து வந்தது வந்தபடியே இருக்கும்.

போன வாரம் மருமகள் கலா போன் பண்ணியிருந்தாள். பாப்பாவுக்குக் கீழ்ப்பல் இரண்டு வந்துவிட்டதாம், எதைக் கொடுத்தாலும் கடிக்கிறதாம். சிரித்துக்கொண்டே பேசினாள். நீ செகண்டில் ஒரு வண்டி எடுத்திருப்பதையும், மூன்று பேருமாக மருதமலைக்குப் போய் வந்ததையும் சொன்னாள். மலை இறங்கும்போது வண்டியிலிருந்து ஏதோ தீயுற வாசனை வந்ததாம், நீ நடுவழியில் நிறுத்திவிட்டு வெகுநேரம் கல்லில் உட்கார்ந்திருந்தாயாம். என்னம்மா வாசனை என்று கேட்டேன். அதற்கு அவள் சாதாரணமாகச் சொன்னாள். "அவரு வண்டியில முன் பிரேக்கே கிடையாது மாமா. லிவரு சும்மா ஆடுது. கேபிளை அவரே கழட்டிட்டாரு. கேட்டா, அது ஆபத்துங்கிறாரு."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, சேகரு. தீய்ந்தது உன் பின் சக்கரத்து பிரேக் கட்டை. வண்டி, நீ, கலா, அவள் மடியில் குழந்தை, இத்தனை பாரத்தையும் மலைச்சரிவில் அந்த ஒரு கட்டை தாங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு வளைவு போயிருந்தால் நீ மிதித்தும் அது பிடித்திருக்காது. கலாவிடம் இதை நான் சொல்லவில்லை. அவள் சிரிப்பு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லலாம் என்றால், இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை வாயெடுத்துப் பார்த்துவிட்டேன். அம்மா என்று நான் ஆரம்பித்ததும், "வேற பேசு நைனா" என்பாய், அப்புறம் போன் வைத்துவிடும் சத்தம். கடுதாசியின் நடுவில் நீ அப்படிச் சொல்ல முடியாது. கிழித்துப்போடத்தான் முடியும். கிழிப்பதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

நான் கடைகடையாக முட்டை போட்டுப் பிழைத்தவன். இந்தப் பெங்களூரில் ஜீவனஹள்ளியிலிருந்து காக்ஸ் டவுன் பேக்கரிக்கும், தெருக்கடைகளுக்கும், பழைய வண்டியின் பின்னால் பலகை கட்டி, அட்டை மேல் அட்டையாக முட்டை அடுக்கிக் கொண்டுபோய்ப் போட்டேன். எனக்கு பிரேக் கற்றுக்கொடுத்தது வேறு யாருமல்ல, உடைந்த முட்டைதான். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடித்துவிடும் என்பார்கள். நம் தெரு மெக்கானிக் பாய், வண்டியை விட்டால் போதும், முதல் வேலையாக முன் கேபிளைத் தளர்த்திவிடுவார். "ஆகே கா பிரேக் நக்கோ", முன் பிரேக் வேண்டாம் என்பார். முன் பிரேக் வண்டிக்கு அழகு, பின் பிரேக்தான் வண்டிக்கு உயிர் என்பது அவர் கணக்கு. நானும் நம்பினேன். காலால் மட்டும் மிதித்தேன். பின் சக்கரம் சுற்றாமல் நின்றுபோகும், வண்டி நிற்காது, தரையைத் தேய்த்துக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டே போகும். முட்டை ஒன்றோடொன்று மோதி, அட்டைக்கு நாலு ஐந்து போகும். அப்புறம் கேபிளை நானே இறுக்கிக்கொண்டு, ஒருநாள் பயந்துபோய் முன் லிவரை ஒரே பிடியாகப் பிடித்தேன். பாய் சொன்ன மாதிரியே தூக்கி அடித்தது. இரண்டு பக்கமும் அடிபட்டபிறகுதான் நடுவில் இருக்கிற வழி தெரிந்தது. காலால் லேசாக மிதித்து, அதே நேரத்தில் முன் லிவரை எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி முதலில் தோலைத் தொட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பிரேக் பிடித்தால் வண்டியின் பாரமெல்லாம் முன்னால் போய் உட்காருகிறது. அப்போது தரையைக் கெட்டியாகப் பிடிப்பது முன் சக்கரம்தான். வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு அதனுடையது. பின்னால் ஆளோ சுமையோ இருந்தால் பின் சக்கரமும் கூடக்கொஞ்சம் உழைக்கும். ஆனால் அதுமட்டும் போதாது, எந்நாளும் போதாது.

இதை என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவள் உன் அம்மா. வண்டி ஓட்டத் தெரியாது, ஓட்டவும் ஆசைப்பட்டதில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் காக்ஸ் டவுனில் வீட்டுக்கு வீடு கேக் போடுவார்கள், முட்டை இரண்டு பங்காகிவிடும். பலகை கொள்ளாது. அப்போது அவள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, அட்டைகளை ஒரு கையால் என் முதுகோடு அணைத்துப் பிடித்து, இன்னொரு கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் பின்னாலிருந்து சேதி வரும். "இப்ப காலால மட்டும் மிதிச்சே." "இப்பதான்யா ரெண்டையும் சேத்தே." நீ எப்படிடி கண்டுபிடிக்கிறே, பின்னால் உட்கார்ந்துகொண்டு என் காலைப் பார்க்கவா முடியும் என்று கேட்டேன். அவள் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "காலால மட்டும் மிதிச்சா வண்டி இடுப்ப ஆட்டும். கையால மட்டும் புடிச்சா தலயக் குனியும். ரெண்டையும் சேத்துப் புடிச்சா அப்படியே மொத்தமா உக்காரும். உக்காந்து வர்றவளுக்குத் தெரியாதா, ஓட்டுறவனுக்குத்தான் தெரியாது."

நீ வண்டி எடுத்த புதிதில், நான் உனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அவளைத்தான் உட்காரவைத்துக்கொண்டு போவாய். வீட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு பேரும் எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்வீர்கள். பேக்கரி வாசலில் நீ ஒருதடவை சட்டென்று நிறுத்தி ஒரு அட்டையே போனபோது, கடை முதலாளி எதிரிலேயே, "ஏன்டா, ஆம்லெட்தான் வேணும்னா வூட்லயே சொல்லியிருக்கலாமே" என்று அவள் கேட்டதை நீ எத்தனை பேரிடம் நடித்துக் காட்டியிருப்பாய். மணல் கிடக்கிற இடம், தண்ணி ஒழுகுகிற இடம், சாக்கடை மூடி மேல், திரும்புகிற திருப்பத்தில் பிரேக் பிடிக்காதே, அதற்கு முன்னாலேயே நேராக இருக்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள் என்பதெல்லாம் அவள் உன் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்திக் கத்தி உனக்கு ஏறியது. மூன்றாவது மாசமோ நாலாவது மாசமோ ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்ததும், "உம்புள்ள உன்ன வுட நல்லா நிறுத்துறான்யா" என்றாள். எனக்குக் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது.

இனி நீ கேட்க மறுக்கிற இடத்துக்கு வருகிறேன். டீச்சர் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணி குடித்துவிட்டு வந்தது. நான் குடிக்கவில்லை.

உன் சித்தி மகள் கல்யாணம், தொம்மலூரில். நாங்களெல்லாம் வேனில் முன்னாலேயே போய்விட்டோம், நீ வண்டியில் பின்னால் வந்து சேர்ந்தாய். போனபிறகுதான் ஒரு வரிசைத் தட்டு நம் வீட்டிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. புடவையும் கண்ணாடி வளையலும் வைத்த தட்டு. பெரியம்மா வரிசை இல்லாமல் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்களா என்று உன் அம்மா என்னோடு சண்டை போட்டுக்கொண்டு, உன்னைக் கூட்டிக்கொண்டு வண்டியில் திரும்பிப் போனாள். நம் சனத்தில் ஒரு பழக்கம் உண்டு. வரிசைத் தட்டைச் சாமி முன்னாலிருந்து கையில் எடுத்துவிட்டால், கல்யாண வீட்டில்தான் இறக்க வேண்டும். நடுவில் தரையில் வைக்கக் கூடாது, பையில் போடக் கூடாது, வண்டியில் கட்டக் கூடாது. முட்டை அட்டையை ஒரு கையால் அணைக்கலாம். தேங்காயும் வாழைப்பழமும் வளையலும் வைத்த வெண்கலத் தட்டை ஒரு கையால் பிடிக்க முடியாது. சீட்டுக் கம்பியைப் பிடிக்கிற கை அன்றைக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. பட்டுப்புடவை வேறு, வழுக்கும். ஒருபக்கமாக உட்கார்ந்தவளுக்கு முன்னால் பிடிப்பதற்கும் ஒன்றுமில்லை, காலை அண்டக் கொடுக்கவும் ஒன்றுமில்லை.

தட்டோடு திரும்பி வரும்போது, அல்சூர் தாண்டி உங்களுக்கு முன்னால் கம்பி ஏற்றின டெம்போ போனது. கம்பி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது, ஒரு சிவப்புத் துணிகூடக் கட்டவில்லை, பின் விளக்கும் எரியவில்லை. அது ஒரே மூச்சில் நின்றது. நீ நிறுத்தினாய். அவள் விழுந்தாள். நடைபாதைக் கல்லில் தலை.

இதை நான் பார்க்கவில்லை. பார்த்தவன் உங்களுக்குப் பின்னால் வந்த ஆட்டோக்காரன். அவன்தான் உன் அம்மாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். நீ அங்கே ஒரு தூணில் சாய்ந்து நின்றாய், யார் பேசினாலும் உனக்குக் கேட்கவில்லை. அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கன்னடத்தில் சொன்னான். கம்பி நுனிக்கும் உன் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு சாண் இருந்ததாம். வண்டி சாயவில்லையாம், வழுக்கவில்லையாம், நின்ற இடத்தில் நின்றதாம். நான் ஆட்டோவை ஒடித்துத் திருப்பினேன் யஜமானரே, உங்கள் பையன் நிறுத்தின மாதிரி யாரும் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை என்றான். காரியமெல்லாம் முடிந்தபிறகு நான் அந்த இடத்துக்குப் போனேன். பின் சக்கரத்தின் தடம் அப்போதும் தெரிந்தது. கொஞ்சதூரம்தான் இருந்தது, கயிறு போட்ட மாதிரி நேராக இருந்தது. காலால் மட்டும் மிதித்திருந்தால் அது நெளிந்து நெளிந்து கம்பிக்கு அடியிலேயே போயிருக்கும். லிவரை ஒரே பிடியாகப் பிடித்திருந்தால் நீ அந்தக் கம்பியின் மேலேயே விழுந்திருப்பாய். நான் அங்கேயே நின்றுகொண்டு அழுதேன். ஒரு பால்காரர் வந்து ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

உன்னிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். பிரேக்குக்கும் அவள் விழுந்ததற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் நீயே நம்பமாட்டாய். வண்டி நின்ற வேகத்தில்தான் அவள் போனாள். அது நின்றது, அவள் நிற்கவில்லை. ஆனால் அது நின்றிருக்காவிட்டால் அந்தக் கம்பி முதலில் உன்னைத் துளைத்து, அப்புறம் அவளையும் துளைத்திருக்கும். உன் கை செய்தது இரண்டு சாவை ஒரு சாவாக ஆக்கினது. அந்த ஒன்று அவளாக இருந்தது. எனக்கு அது அவளாக இருந்திருக்க வேண்டாம். உனக்கும் வேண்டாம். அதை யாரிடம் போய்க் கேட்பது?

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொஞ்சநேரம் நினைவு இருந்தது. உன்னை உள்ளே விடவில்லை, ஒருத்தர்தான் என்றார்கள், நான் போனேன். இதைத்தான் உனக்குச் சொல்ல ஒவ்வொரு தடவையும் போன் பண்ணினேன். அவள் முதலில் கேட்டது, "புள்ளைக்கு அடியா?" இல்லை, ஒரு கீறல்கூட இல்லை என்றேன். அப்புறம் சொன்னாள்.

"ரெண்டையும் சேத்துத்தான்யா புடிச்சான். வண்டி உக்காந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. நாந்தான் தட்ட வுடல."

அவ்வளவுதான். அதற்கப்புறம் தட்டைப் பற்றித்தான் ஏதோ கேட்டாள், வளையல் உடைந்துவிட்டதா என்று. உடையவில்லை என்று சொன்னேன். அது பொய்.

சாவு வீட்டில் உன் மாமா அழுத அழுகையில், "முன் பிரேக்கப் புடிச்சான், எங்கக்கா பறந்துட்டா. அவன் மேல பாரு, ஒரு கீறலு இருக்குதா" என்று எல்லார் எதிரிலும் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை, அக்காவைப் பறிகொடுத்தவன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ எழுந்து வெளியே போய்விட்டாய். நீ போனபிறகு நான் சொன்னது உனக்குத் தெரியாது. "புடிக்கலன்னா இங்க ரெண்டு பாடை கட்டிக்கினு இருப்போம்டா" என்றேன். அவன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீ மட்டும்தான் அங்கே இல்லை. முதல் வார்த்தையைக் கேட்டுக்கொண்டு போய்விட்டாய், இரண்டாவது வார்த்தை இத்தனை வருஷமாக உன் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. கோயம்புத்தூருக்கு நீ போனது வேலைக்காக என்று ஊருக்குச் சொன்னேன். பெங்களூரிலேயே வேலை இல்லையா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போது நீ அந்தக் கேபிளைக் கழற்றி வைத்திருக்கிறாய். ஏன் என்று கலாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த வலது கையை நீ தண்டித்துக்கொண்டிருக்கிறாய். தண்டனை கைக்கு என்று நீ நினைக்கிறாய், ஆனால் அது பின்னால் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணுக்கும், இரண்டு பல் முளைத்திருக்கிற குழந்தைக்கும் போய்ச்சேரும். உன் அம்மா விழுந்ததற்குக் காரணம் முன் பிரேக் இருந்தது அல்ல, அவளுக்குப் பிடிக்க ஒரு கை மிச்சமில்லாமல் போனது. நீ மாற்ற வேண்டியது அதைத்தான். கலாவை இரண்டுபக்கமும் கால் போட்டு உட்காரச் சொல். வெட்கப்பட்டால் சுடிதார் போட்டுக்கொள்ளச் சொல், மாமா சொன்னார் என்று சொல். குழந்தையை உனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்து, அவள் ஒரு கை குழந்தை மேல், ஒரு கை உன் இடுப்பில். கையில் பை, தட்டு, பூக்கூடை, எதுவும் வேண்டாம். சாமிக்கு வைத்த தட்டானாலும் வேண்டாம். பழக்கத்தை மீறின கோபத்தை அந்தச் சாமி என் மேல் காட்டட்டும். முன்னால் போகிற வண்டிக்கு வழக்கத்தைவிட இரண்டு பங்கு இடம் விடு. மலை இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டு பிடி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடி, சூடேற விடாதே. இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், வேறு எதைச் சொல்வது என்று தெரியாத கிழவன் நான்.

இவ்வளவும் எழுதினதும் டீச்சர் கேட்டது, இதை வேறு யாராவது படிக்கலாமா மாமா, எங்கள் சர்ச் பத்திரிகையில் போடலாமா என்று. போடட்டும் என்றேன். முன் கேபிளைத் தளர்த்தி வைத்துக்கொண்டு பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இந்த ஜீவனஹள்ளியிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் முன்னால் நீ படிக்க வேண்டும். அதற்காகத்தான் முதல் பிரதி உனக்கு வருகிறது.

நான் கோயம்புத்தூருக்கு வருகிறேன். கலாவிடம் சொல்லிவிட்டேன், வேண்டாம் என்று நீ சொல்ல வழியில்லை. ஸ்டேஷனுக்கு ஆட்டோ அனுப்பாதே. வண்டியில் வா. அவள் போனதிலிருந்து நான் ஒருத்தர் பின்னாலும் உட்கார்ந்ததில்லை. உன் பின்னால் உட்காருவேன். நீ எப்படி நிறுத்தினாலும் நான் வாய் திறக்க மாட்டேன், என் கை உன் தோளில் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஏறுவதற்கு முன்னால் அந்த லிவரை ஒருதடவை பிடித்துப் பார்ப்பேன். அது சும்மா ஆடினால் உன்னைத் திட்ட மாட்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வா, நானும் பக்கத்தில் நடக்கிறேன். எனக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் வருவேன். வழியில் ஏதாவது ஒரு மெக்கானிக் கடை திறந்திருக்கும். அதுவரைக்கும் இரண்டு பேரும் நடப்போம்.